மகிழடி ஒழுங்கையின் சீதனக் கிணறு

யாழ்ப்பாணப் பட்டினத்தின் பழைய பகுதியில், கோட்டைக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரத்தில் கிடக்கிற மகிழடி ஒழுங்கை என்கிற ஒடுக்கமான பாதைக்குள் போய் றோஸக்காவிடம் வழி கேட்கிறவர்கள் பாவம். நேரே போய் வலது கைப்பக்கம் திரும்புங்கோ என்று மற்றச் சனம் சொல்வதுபோல அவர் சொல்லமாட்டார். அந்த வீட்டுக்கு மேற்கே ஒழுங்கை, வடக்கே செல்லையா பிள்ளைகளின் காணி, கிழக்கே கோயில் வளவு என்று நாலு எல்லையையும் ஒப்புவிக்கத் தொடங்கிவிடுவார். பார்சல் கொண்டுவந்த ஒருவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் காணி வாங்க வரவில்லை என்று சொன்னானாம். ஒழுங்கைச் சனம் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த நொத்தாரிசு சண்முகநாதனின் கந்தோரில் நாற்பது வருசம் ரைப்பிஸ்டாக இருந்தவர் றோஸக்கா. காணி உறுதிப் பத்திரம் அடிப்பதுதான் வேலை. இருபது வயதில் தமிழ் ரைப்ரைற்றர் முன்னால் குந்தியவர், அறுபதில்தான் எழும்பினார். பழைய நகரத்தின் வீடுகளில் முக்கால்வாசிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் எந்த வளவுக்கு என்ன பெயர், எந்த மதில் யாருக்குச் சொந்தம், எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் அவருடைய விரல் நுனியில் இருந்தது. சில பேர் ஊரைக் கால்நடையாகப் பார்த்து அறிவார்கள். றோஸக்கா அதைக் கதிரையில் இருந்தே அடித்து அறிந்தவர்.

உறுதி அடிக்கிற தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காணி கைமாறும்போது பழைய உறுதியில் உள்ள எல்லைகளைப் பார்த்து, ஒரு சொல் மாறாமல் புதிய உறுதியில் அடிக்கவேண்டும். மாற்றினால் பிறகு வழக்கு, விளக்கம் என்று தலைமுறைக்கும் இழுபடும். ஆகையால் ஒரு முறை எல்லையில் பெயர் ஏறிய மனிதர் செத்துச் சாம்பலாகி எண்பது வருசம் போனாலும் உறுதியில் அயலவராக இருந்துகொண்டே இருப்பார். றோஸக்காவின் சொந்த வீட்டு உறுதியிலும் கிழக்கே 'நமசிவாயம் பேர்க் காணி' என்றுதான் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கிழக்கு வீட்டில் இருப்பது தயாளினி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், மனம் நல்லது. நமசிவாயம் யார், கறுப்பா சிவப்பா என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து பட்டினம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, றோஸக்கா தன் கலியாணச் சேலையை அலுமாரிக்குள் விட்டுவிட்டு, உறுதிப் பிரதிகள் நிரம்பிய இரண்டு உரப்பைகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த பிறகு, காகிதம் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற எத்தனையோ பேருக்கு அந்தப் பைகளுக்குள்ளிருந்துதான் வீடு கிடைத்தது. சேலை போனது போனதுதான். அதற்காக அவர் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை.

இனி ஹெக்டரின் கதைக்கு வருவோம். அவர் றோஸக்காவின் கணவர், மானிப்பாய்க்காரர், பஸ் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பகிடி விடாமல் ஒரு வாய் சோறு தின்னமாட்டார். எண்பத்தெட்டில் சீதன உறுதி எழுதுகிற நாளில் மாப்பிள்ளையாக வெள்ளைச் சேட்டுடன் கந்தோருக்கு வந்தவர், தனக்கு வரப்போகிற பொம்பிளை தன்னுடைய சீதன உறுதியைத் தானே டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அப்படி ஒரு காட்சியை யாழ்ப்பாணத்தில் வேறு எந்த மாப்பிள்ளையும் கண்டிருக்கமாட்டான். அந்த உறுதியில் வீடும் வளவும் மட்டும் இருக்கவில்லை. 'முடக்குக் காணியில் தெருவோரமாயுள்ள நல்லதண்ணீர்க் கிணற்றில் ஐந்திலொரு பங்கும், அதற்குப் போய்வரும் வழியும்' என்று ஒரு வரி இருந்தது. பழைய உறுதியில் கிடந்த வரி. றோஸக்கா வழக்கப்படி பார்த்து அடித்தார்.

அங்கேதான் வினை பிறந்தது. கடலுக்குக் கிட்ட இருக்கிற ஒழுங்கை என்பதால் வீட்டுக் கிணறுகள் எல்லாம் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்கேலாது. நல்லதண்ணிக்குச் சந்திக் குழாயடிக்குத் தண்ணிக் கானோடு போகவேண்டும். கலியாணம் முடிந்த முதற் கிழமையிலேயே, உப்புத் தேத்தண்ணி குடித்த மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு பொம்பிளையிடம் கேட்டார்.

"இஞ்சேரும், சீதனத்திலை எழுதின நல்லதண்ணிக் கிணறு எங்கை?"

முடக்குக் காணி இருந்தது. ஒழுங்கை வளைகிற இடத்தில், நாயுண்ணிப் பற்றை மண்டிப்போய், ஒருவரும் பாவிக்காத துண்டு. ஆனால் கிணற்றை றோஸக்கா கண்டதில்லை, அவருடைய தகப்பன் கண்டதில்லை, தகப்பனின் தகப்பனும் கண்டதாகப் பேச்சில்லை. ஒழுங்கையின் ஐந்து வீட்டு உறுதியிலும் அந்த வரி மட்டும் இருந்தது. வெறும்வாய் மென்ற ஹெக்டருக்கு அவல் கிடைத்தது. முப்பத்தேழு வருசமாக, வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் தேத்தண்ணியோடு சீதனக் கிணற்றுக் கதையும் பரிமாறப்பட்டது. றோஸக்காவும் சேர்ந்துதான் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. ஊரின் உறுதியெல்லாம் சரி என்று நாற்பது வருசம் நின்றவரின் சொந்த உறுதியில் ஒரு பொய் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

போன வருசம் பழைய நகர அழகுபடுத்தல் திட்டம் என்று ஒன்று வந்தது. முடக்குக் காணியின் பற்றைகளை வழித்துத் துப்புரவாக்கி, ஒரு பெரிய பலகை நட்டார்கள். பலகையில் வர்ணப் படம்: தரை முழுக்க இன்ரலொக் கல், குந்தியிருக்க இரண்டு சீமெந்து வாங்கு, ஒல்லாந்தர் காலத்து மாதிரி விளக்குக் கம்பம், நடுவில் கூரை போட்ட ஒரு கிணறு. அட, கிணறு! றோஸக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். அது சீமெந்தில் கட்டப்போகிற மாதிரிக் கிணறாம். ஆழம் இரண்டு அடி. உள்ளே பூக்கன்று வைப்பார்களாம்.

அந்த நிமிசம் வரை அந்தக் கிணற்றை ஒரு பழைய வரியாகத்தான் அவரும் நினைத்திருந்தார். பலகையைப் பார்த்த பிறகு அவருக்கு வந்த கோபத்தை ஒழுங்கை அதற்கு முன் கண்டதில்லை. நேரே திட்டத்தின் பொறியியலாளரிடம் போனார். அவன் பெயர் கஜீபன்; அரியாலைப் பெடியன், முப்பத்தைந்து வயதிருக்கும், நெஞ்சில் பேனை, கையில் கணினிப் பலகை, மரியாதையான ஆள். ஐந்து வீட்டு உறுதிப் பிரதிகளையும் அவன் முன்னால் பரப்பிவைத்து றோஸக்கா சொன்னார்.

"தம்பி, இல்லாத கிணத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறியள். இருக்கிற கிணத்தை மூடப்போறியள்."

கஜீபன் ஐந்தையும் வாசித்தான். வரி ஒன்றுதான், ஐந்திலும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஆனால் தன் வரைபடம் எதிலும் கிணறு இல்லை, காகிதத்தை நம்பித் திட்டத்தை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை, நிலத்தில் காட்டினால் மாற்றலாம் என்றான். கல் பதிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். அதற்கிடையில் கிண்டிப் பார்க்கத் தன் ஆட்களில் இரண்டு பேரைத் தரலாம், அவ்வளவுதான் தன்னால் முடியும் என்றான். அன்றைக்குச் செவ்வாய். றோஸக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோசப் புளுகம்.

புதன் காலை, திட்டத்து வேலையாள் றஞ்சித் இரும்பு அலவாங்கோடு வந்தான். அவனோடு இன்னொருவன் மண்வெட்டியோடு வந்தான். எங்கே கிண்டுவது என்று கேட்டார்கள். இதிலென்ன யோசனை? தெருவோரக் கிணறு என்றால் தெருவோரத்தில்தானே. முடக்குக் காணியின் தெற்குக் கரையில், பஸ் ஓடுகிற பெரிய றோட்டுப் பக்கமாக, றோஸக்கா குடையை ஊன்றி இடம் காட்டினார். அன்று இரண்டு கிடங்கு கிண்டினார்கள். உடைந்த ஓடும் ஒரு மண்ணிறப் போத்தலும் வந்தன. வியாழன் காலை இன்னும் இரண்டு கிண்டினார்கள். ஒரு பஸ் ரயர் வந்தது. அது எந்த ரூட் பஸ்ஸின் ரயர் என்று ஹெக்டர் றோட்டுக்கரையில் நின்று விளக்கம் கொடுத்தார். ஒழுங்கைச் சனம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. முதல் நாள் சிரித்ததில் அன்பிருந்தது. இரண்டாம் நாள் அது கொஞ்சம் குறைந்துபோனது.

வியாழன் மத்தியானம் றஞ்சித் அலவாங்கைச் சாத்திவைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், இனிக் கிண்ட இடமில்லை அம்மா என்றான். கஜீபனும் வந்து பார்த்தான். அவன் ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை; நாலு கிடங்கையும் நிரவிவிடும்படி மட்டும் சொன்னான். அந்த நல்ல குணம்தான் றோஸக்காவைக் கூடுதலாகச் சுட்டது. வீட்டுக்கு வந்து குசினி வாசற்படியில் குந்தியவருக்கு அழுகை முட்டியது. கிணறு போனால் போகட்டும். நாற்பது வருசம் அடித்த அத்தனை உறுதியும் இப்படித்தானோ என்ற நினைப்பு வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஹெக்டர் பகிடிக்காரரே தவிரக் கல்நெஞ்சர் அல்லர். மனுசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பகிடி ஒன்றும் விடாமல் தேத்தண்ணி போட்டார். வேலிக்கு அங்கால் தயாளினி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வேலிக்கு மேலால் நீட்டியபோது, பழக்க தோசத்தில், அவளை உறுதியில் உள்ள பெயரால் கூப்பிடுகிற பழைய பகிடி வாயிலிருந்து நழுவி விழுந்துவிட்டது.

"இந்தாரும், நமசிவாயத்தார். ஆறமுந்திக் குடியும்."

தயாளினி சிரித்தாள். றோஸக்கா சிரிக்கவில்லை. கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். நமசிவாயம் எப்பவோ செத்துப்போனார்; உறுதியில் மட்டும் சீவிக்கிறார். எல்லையில் இருக்கிற ஆள் செத்துப்போகலாம் என்றால், எல்லையில் இருக்கிற தெரு?

அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் சீதன உறுதியின் எல்லையை முணுமுணுத்தார். 'வடக்கு, தெரு. தெற்கு, சீவரத்தினம் பேர்ப் பனங்காணி.' ஆயிரம் தரம் சொன்ன வரி, கையால் அடித்த வரி. தெற்கே பனங்காணியாம். இப்போது அவருடைய வீட்டுக்குத் தெற்கே பனையும் இல்லை, சீவரத்தினமும் இல்லை. பஸ் ஓடுகிற பெரிய றோட்டுத்தான் இருக்கிறது. அந்த வரியை முதன்முதலில் எழுதிய நாளில் பெரிய றோட்டே இல்லை! வீட்டுக்கு வடக்கே, வாசலுக்கு முன்னால் வளைந்து போகிற இந்த ஒழுங்கைதான் அப்போது தெரு. எல்லை எல்லாம் பழையது என்று ஊருக்கே விளங்கப்படுத்தியவர், தன் கிணற்றைத் தேடும்போது மட்டும் இன்றைய தெருவில் போய் நின்றிருக்கிறார்.

"ஐயோ, நான் ஒரு மொக்கி" என்று சொல்லிக்கொண்டு றோஸக்கா எழும்பி ஓடினார். முழங்கால் நோவெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

முடக்குக் காணியின் வடக்குக் கரை, ஒழுங்கையைத் தொட்ட பக்கம். அங்கேதான் திட்டக்காரர் கொண்டுவந்து பறித்துக் கொட்டிய இன்ரலொக் கல் முழுவதும் மலையாகக் குவிந்து கிடந்தது. றோஸக்கா மூச்சு வாங்க வாங்க விசயத்தைச் சொன்னார். கஜீபன் உறுதியை மறுபடி வாங்கி, வடக்கையும் தெற்கையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். தலையை ஆட்டினான். ஆனால் கல்லை அகற்ற லொறியும் இல்லை, ஆட்களும் இல்லை என்றான்.

ஆட்கள் இல்லையா? ஹெக்டர் வீட்டுக்கு ஓடிப்போய் டிப்போக் காலத்து விசிலை எடுத்துவந்து ஊதினார். ஐந்து வீட்டிலிருந்தும் சனம் வெளியே வந்தது. இரண்டு நாளாகச் சிரித்த அதே சனந்தான். நடந்ததைத் தயாளினி ஒரே மூச்சில், கரும்பலகையில் கணக்குச் செய்து காட்டுவதுபோல் விளங்கப்படுத்தினாள். சனம் காணிக்குள் இறங்கியது. வரிசையாக நின்று, கையிலிருந்து கைக்குக் கல்லை மாற்றத் தொடங்கினார்கள். ஹெக்டர் விசில் ஊதி, வரிசை பிந்தினால் அதட்டி, பஸ் விடுகிற மாதிரியே நடத்தினார். பின்னேரம் முழுக்க ஒரே கலகலப்பு. பொழுதுபடுவதற்குள் அந்த மலை காணியின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டது. கஜீபனும் நெஞ்சுப் பேனையைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்றான். அவனுடைய மேலதிகாரி கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

வெள்ளி காலை எட்டு மணிக்கு றஞ்சித் அலவாங்கைப் போட்டான். மூன்றடி மட்டும் மண். பிறகு ணங் என்று ஒரு சத்தம். மண்ணைத் தள்ளிப் பார்த்தால், மனுசர் செதுக்கிய கற்பலகை, பக்கத்தில் இன்னொன்று, அவற்றைச் சுற்றி வட்டமாக முருகைக்கல் கட்டு. ஆறு பேர் சேர்ந்து ஒரு பலகையை நெம்பி விலத்தினார்கள். உள்ளே கும்மிருட்டு, முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. யார் ஏன் அதை மூடினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஒரு சின்னக் கல்லை எடுத்து றோஸக்காவின் கையில் வைத்தான் கஜீபன். அவர் போட்டார். கல் தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே வந்தது.

சனம் ஆர்ப்பரித்தது. றோஸக்கா நிலத்திலேயே குந்திவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று கேட்டால் இரண்டும்தான். ஹெக்டர் கிட்ட வந்து, ஒருவருக்கும் கேட்காத மாதிரிக் குனிந்து சொன்னார்.

"றோஸ், முப்பத்தேழு வருசமாக் கதைச்சது முழுக்க வாபஸ்."

"எழுத்திலை தாருங்கோ" என்றார் றோஸக்கா.

மத்தியானம் கல் பதிக்க வந்தவர்களைக் கஜீபன் திருப்பி அனுப்பினான். அவனுடைய கந்தோரோடு இரண்டு கிழமை கடிதப் போக்குவரத்து நடந்தது. அதில் பாதிக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததே றோஸக்காதான். மாதிரிக் கிணறு படத்திலிருந்து நீங்கியது. நிசக் கிணற்றை இறைத்துத் தூர்வாரி, வாய்க்குக் கட்டுக் கட்டி, கப்பி போட்டார்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, காகிதம் வரும்வரை ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது என்று கஜீபன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். றோஸக்கா சட்டத்துக்கு அடங்கினவர். ஒரேயொரு தரம், ஒருவரும் பார்க்காத நேரத்தில், விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

காகிதம் வந்தது. குடிக்கலாம். அன்றைக்கு மத்தியானம் ஐந்து வீட்டாரும் கிணற்றடியில் கூடினார்கள். உறுதியில் இருக்கிற ஒழுங்குப்படி வீட்டுக்கு ஒரு வாளி அள்ளுவது என்று முடிவு. றோஸக்கா முதல் வாளியை அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். இளநீர் குடித்த மாதிரி நெஞ்சு குளிர்ந்தது. பிறகு மற்றவர்கள் அள்ளினார்கள். கஜீபனும் வந்திருந்தான். யாரோ செம்பை நீட்டியபோது, தனக்கு இதில் பங்கில்லையே என்று சிரித்துக்கொண்டு ஒதுங்கி, வெயிலுக்குள் போய் நின்றான். பகிடியாகத்தான் சொன்னான். ஆனாலும் மூட வந்தவன் என்ற கூச்சம் அவனுக்குள் இருந்தது என்பது றோஸக்காவுக்கு விளங்கியது.

தன் வாளியை அள்ளி முடித்த தயாளினி, நோர்வேயில் இருக்கிற தமக்கை உதயகலாவுக்கு வீடியோ அழைப்பெடுத்து, போனைக் கிணற்றுக்கு நேரே பிடித்தாள். அங்கே காலைநேரம், உதயகலா தடித்த குளிர்ச்சட்டையோடு வேலைத்தலத்து வாசலில் நின்றார். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு றோஸக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

"றோஸக்கா, எனக்கும் உதிலை பங்கு கிடக்கோ?"

"ஓம் பிள்ளை. பத்திலொரு பங்கு. தொண்ணூற்றிரண்டிலை உங்கடை அம்மா உங்கள் ரெண்டு பேருக்கும் பாதி பாதியா எழுதினவ. நான்தான் அடிச்சது."

"நான் வெளிக்கிட்டு முப்பது வருசத்துக்கு மேலை. ஒரு வாளிகூட அள்ளேல்லையே."

"அதுக்கென்ன? அள்ளாட்டில் பங்கு குறையுமே? உம்முடையது அப்பிடியே கிடக்குது."

உதயகலா குளிர்ச்சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். அப்போது திரையின் ஓரத்தில் தெரிந்த கஜீபனைக் கண்டு, வெயிலில் தனியே நிற்கிற அந்தத் தம்பி யார் என்று கேட்டார். கிணற்றை மூட வந்து, மூடாமல் நிறுத்தின இஞ்சினியர் என்றாள் தயாளினி. உதயகலா வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப என்ரை பங்கிலை அந்தத் தம்பிக்குக் குடுங்கோ."

றோஸக்கா வாளியை மறுபடி கிணற்றுக்குள் விட்டார். நிரம்பி வந்த தண்ணீரை, கூச்சத்தோடு வந்து குனிந்து நின்ற கஜீபனின் இரண்டு கைக்குள்ளும் ஊற்றினார். அவன் குடித்தான். சேட்டுக் கை முழங்கை வரை நனைந்தது. தண்ணி எப்பிடியாம் என்று நோர்வேயிலிருந்து உதயகலா இரண்டு தரம் கேட்டார். கஜீபன் இன்னும் ஊற்றும்படி கையை நீட்டினான்.